நூத்தியெட்டு நமஸ்காரம், நாலு வாய் சோறு – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல முதுகுவலிக்கு என்ன ஆசனம் பண்ணலாம்னு எழுதியிருந்தனுங்க. அதுக்கு வந்த லெட்டரு, வாட்ஸ்அப் மெசேஜு எல்லாம் எடுத்துப் பாத்தா முதுகு எங்கயோ போயிருச்சு, எச்சா வந்திருக்கறது சோத்தப் பத்தித்தான். சாப்பிடவே மாட்டேங்கற புள்ளைங்க, சாப்பிட்டுப் போட்டு வாந்தி எடுக்கறவீங்க, ராத்திரில எந்திரிச்சு பிரிட்ஜக் காலி பண்றவீங்க, எல்லாரும் கேட்டிருக்கறது "யோகா பண்ணுனா செரியாப் போயிருமா"ன்னுதான். பேரெல்லாம் எடுத்தாச்சு, ஊரையும் கொஞ்சம் நகத்திப் போட்டிருக்கேன், அதனால உங்கூட்டு விசயம்னு ஆருக்கும் தெரியாது.

என்ற மக பிளஸ் டூ படிக்கறாளுங்க, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல. நல்லாக் கொழுகொழுன்னு இருந்த புள்ளைங்க. ஒரு கல்யாணத்துல ஒறம்பரை ஒருத்தவீங்க "என்ன அம்மிணி, கல்யாணப் பொண்ணையவிட நீ பெருசா இருக்கற"ன்னு சிரிச்சுட்டாங்க. அன்னைலிருந்து ஒப்புட்டு, முறுக்கு, கறிச்சோறு எல்லாத்தையும் நிறுத்துனவதான். இப்ப லீவுக்கு வந்திருக்கா, கன்னமெல்லாம் ஒட்டிப் போயிக் கெடக்குது, நாலஞ்சு மாசமா தூரம் ஆகல, சித்திரை வெயில்லயும் போர்வை போத்திக்கறா. தட்டுல நாலு வாய் சோறு, அதையும் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கறா. ஆனா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு மொட்டை மாடில 108 சூரிய நமஸ்காரம் பண்றா, அவங்கப்பா "பாரு என்ன ஒரு டிசிப்ளின்"னு பெருமையாச் சொல்றாரு. அவ ஆத்தா தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க, ஒண்ணும் ஆகல. பசி எடுக்கற மாதிரி நல்ல யோகா தெரபி ஒண்ணு சொல்லுங்க மேடம்.
– ஒரு தாய், கோபி பக்கம்

அக்கா, கோவிச்சுக்காதீங்க, நேராச் சொல்லிப்போடறேன். புள்ளைக்கு இப்ப தேவை யோகா தெரபிஸ்ட் கெடையாது, டாக்டருங்க, அதுவும் இந்த வாரத்துலயே. அந்த 108-ஐ இன்னைக்கே நிறுத்தோணும். அது யோகாக் கணக்குலயே வராதுங்க, கலோரி எரிக்கற கணக்கு. நாலு மணிக்கு எந்திரிக்கறதப் பாத்தா நமக்கு ஒழுக்கமாத் தெரியுது, ஒரு நாள் மழை வந்து மாடிக்குப் போக முடியலீன்னா அவ என்ன பண்றான்னு கவனிங்க. அழுகறாளா, எரிஞ்சு விழுகறாளா, அன்னைக்கு அந்த நாலு வாய் சோறும் ரெண்டு வாயாகுதா? ஆகுதுன்னா அவ அதைச் செய்யல, அதுதான் அவள ஆட்டி வெக்குது.

நீங்க எழுதுனதப் படிச்சா அனோரெக்சியா நெர்வோசாங்கற கோளாறு மாதிரித் தெரியுது, ஆனா லெட்டரப் பாத்து நான் பேரு வெக்கக்கூடாது, தைராய்டு, சர்க்கரை, குடல் சம்பந்தமா வேற ஏதாச்சும் இருக்குதான்னு டாக்டர் பாத்துத்தான் சொல்லோணும். போறப்ப "புள்ள சாப்பிடறதில்ல, டானிக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, வெயிட்டு எவ்வளவு நாள்ல எவ்வளவு இறங்குச்சு, தூரம் நின்னு எத்தனை மாசம், மாடில என்ன பண்றா, எல்லாத்தையும் சொல்லுங்க. நாடி, படுத்துட்டு ஒருக்கா நின்னுட்டு ஒருக்கா பிபி, ஈசிஜி, ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் பாப்பாங்க. பகல்ல முழிச்சிருக்கறப்பவே நாடி 50-க்குக் கீழ இருந்தா பொதுவா அட்மிட் பண்ணச் சொல்லுவாங்க, மயக்கம் போட்டு விழுந்தாலும் அப்படித்தான். இதுல ஒரு கொடுமை என்னன்னா "யோகா பண்ற புள்ள, அதுதான் நாடி கம்மியா இருக்குது, நல்லதுதான"ன்னு நம்மாளுங்களே சமாதானம் சொல்லிக்குவாங்க. ஓட்டப்பந்தய வீரருக்கு நாடி மெதுவா இருக்கறது வேற, சோறு இல்லாத ஒடம்பு செலவச் சுருக்கறதுக்காக நெஞ்சையே மெதுவாக்கறது வேறங்க. தூரம் நின்னதும், சித்திரைல குளுர்றதும் அதே சுருக்கல்தான். எலும்பும் கரையும், எலும்புக்கு பலம் சேர்ற வயசுலயே இது நடக்கறதுதான் எனக்குப் பெரிய வெசனம்.

பசி எடுக்கற மாதிரி யோகா கேட்டிருக்கீங்க. அவளுக்குப் பசி இல்லைன்னு நெனைக்கறீங்களாக்கும்? 1944-45-ல அமெரிக்காவுல மின்னசோட்டாங்கற மாநிலத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 வாலிபப் பசங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணுனாரு. நல்ல திடகாத்திரமான பசங்க, மனசுலயும் ஒரு கொறையும் இல்லாதவங்கன்னு பாத்துப் பாத்து எடுத்தது. ஆறு மாசம் அவங்களுக்குப் பாதி வயித்துக்குத்தான் சாப்பாடு. கொஞ்ச நாள்லயே எந்நேரமும் சோத்து நெனப்பு, சமையல் குறிப்பு சேத்து வெக்கறது, ஒரு தட்டு சாப்பாட்ட மணிக்கணக்கா வெச்சு உண்றது, ஆருகூடயும் ஒட்டாம ஒதுங்கறது, சிடுசிடுன்னு விழுகறது, ஓயாத குளுரு. இந்தப் பசங்க ஆருக்கும் ஒல்லியாகோணும்னு ஆசை கெடையாதுங்க. சோறு கொறைஞ்சாலே மூளை அப்படி ஆயிருது. உங்க புள்ள சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கறதும் திமிருனால இல்ல. அதனால மொத மருந்து சோறுதான், மனசு தெளியறதெல்லாம் அதுக்கப்பறம்.

ஆத்தா தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போனதுக்கு அவங்களத் திட்டாதீங்க, பேத்தி உண்ணலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அது. ஆனா இங்க தொண்டைலயும் வயித்துலயும் எதுவும் சிக்கி நிக்கல, வெயிட்டு ஏறிரும்ங்கற பயந்தான் நிக்குது.

இந்த வயசுப் புள்ளைங்களுக்கு நல்லாப் பலன் குடுக்கற ஒரு முறை இருக்குது, லண்டன்ல மாட்ஸ்லி ஆஸ்பத்திரில 1980-கள்ல ஆரம்பிச்சது. குடும்பத்த வெச்சே வைத்தியம் பண்றது. என்ன சாப்பிடறது, எவ்வளவு சாப்பிடறதுங்கற முடிவ கொஞ்ச நாளைக்கு அப்பா அம்மா கையில எடுத்துக்கறாங்க. ஒரு வேளையும் தனியா விடாம, நைச்சியமா, ஆனா விட்டுக்குடுக்காம, கூட உக்காந்து ஊட்டி எடுக்கறாங்க. நம்மூருக்கு இது புதுசே இல்லைன்னு எனக்குத் தோணும், அரிசிம்பருப்புச் சோத்துல நெய்ய ஊத்தி "இன்னொரு வாய்"ன்னு நிக்கற வீடுங்கதான. கஷ்டம் எதுலன்னா அவ அழுகறதப் பாத்துட்டு நாம எந்திரிச்சுப் போகாம இருக்கறதுலதான். இன்னொண்ணு, நெம்ப நாள் பட்டினி கெடந்த ஒடம்புக்கு ஒரே நாள்ல திணிக்கவும் கூடாதுங்க, ரத்தத்துல பாஸ்பரஸ் சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், அதனால எவ்வளவுல ஆரம்பிக்கறது, எப்படி ஏத்தறதுன்னு டாக்டர்தான் சொல்லோணும். இப்ப ஹாஸ்டலுக்குத் திருப்பித் தாட்டி உடாதீங்க. மார்க்கு கொறைஞ்சா அடுத்த வருசம் எழுதிக்கலாம்.

செரி, இதுல யோகா எங்க வருதுன்னா, வெயிட்டு ஏற ஆரம்பிச்சு, நாடியும் ரத்தமும் சீராகி, டாக்டரு "லேசா ஏதாச்சும் பண்ணலாம்"னு சொன்னதுக்கப்பறந்தான். தண்ணி பாயாத காட்டுக்கு உரத்தப் போட்டா பயிரு கருகித்தான் போகும். சியாட்டில்ல ஒரு ஆராய்ச்சி, 2010-ல வெளியாச்சு, சாப்பாட்டுக் கோளாறு இருந்த 11-லிருந்து 21 வயசுக்குள்ள 54 பேரு, அதுல நாலு பேரு பசங்க. எல்லாருக்கும் வழக்கமான வைத்தியம் உண்டு, பாதிப் பேருக்கு மட்டும் கூடவே எட்டு வாரம் தனித்தனியாச் சொல்லிக்குடுத்த யோகா. பன்னண்டாவது வாரத்துல பாத்தா யோகா பண்ணுனவங்களுக்கு அறிகுறி தொடர்ந்து கொறைஞ்சிருக்குது, மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொறைஞ்சு பழையபடி ஏறிருச்சு. ஒவ்வொரு வகுப்பு முடியறப்பவும் அந்தச் சோத்து நெனப்பு இறங்கியிருக்குது, வெயிட்டும் இறங்கல. சின்ன ஆராய்ச்சிதாங்க, இத வெச்சு யோகாவே குணப்படுத்தும்னு ஆராவது சொன்னா நம்பாதீங்க, வைத்தியத்துக்குக் கூடமாட நிக்கும், அவ்வளவுதான். 2007-ல கல்லூரிப் பொண்ணுங்கள வெச்சுப் பண்ணுன இன்னொரு ஆராய்ச்சில யோகாவுனால தனியா ஒரு பலனும் தெரியலைங்கறதையும் சொல்லிர்றேன்.

நாங்க சொல்லிக்குடுக்கறதப் பாத்தா உங்க வீட்டுக்காரரு "இதுக்கா காசு"ம்பாரு. சமுக்காளத்த விரிச்சு மேல ஒரு போர்வை, மல்லாக்கப் படுத்து முழங்கால மடக்கி பாதம் தரைல, முதுகு எந்தெந்த இடத்துல தரையத் தொடுதுன்னு கவனிக்கறது. மூச்ச உள்ள இழுக்கறதவிட வெளிய விடறத கொஞ்சம் நீளமா, எண்ணிக்கை கட்டாயமில்ல. நிக்கறப்ப ரெண்டு பாதத்துலயும் எடை சமமா இறங்குதான்னு பாக்கறது. இப்படி அஞ்சாறுதான். இந்தப் புள்ளைங்க தன்ற ஒடம்பக் கண்ணாடிலயும் போட்டோவுலயும் வெளிய நின்னே பாத்துப் பழகிருச்சுங்க, பசி, வயிறு நெறைஞ்சது, களைப்பு, குளுரு, இதெல்லாம் உள்ள இருந்து தெரியறதில்ல, தெரிஞ்சாலும் நம்பறதில்ல. அத மறுபடி காது குடுத்துக் கேக்கப் பழக்கறதுதான் வேலை. நாளாகும். அவங்கப்பாவ மாடிக்குப் பதிலா தட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க.

எனக்கு 26 வயசு, கோயமுத்தூர்ல ஐடி வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து ஆர்டர் பண்ணி ஒரேயடியா சாப்பிட்டுட்டு வெரல விட்டு வாந்தி எடுத்துருவேன், ரெண்டு வருசமா. வீட்ல தெரியாது. இதுலிருந்து வெளிய வரலாம்னுதான் ஒரு யோகா கேம்புல சேர்ந்தேன், அங்க காலைல வெறும் வயித்துல உப்புத்தண்ணி குடிச்சு வாந்தி எடுக்கற கிரியா சொல்லிக்குடுத்தாங்க. அது பண்ணுனா மனசு லேசா, சுத்தமா இருக்கு அக்கா. டெய்லி பண்ணலாமா?
– பெயர் வேண்டாம்

வேண்டாங் கண்ணு. தெனமும் வேண்டாம், வாரத்துக்கு ஒருக்காவும் வேண்டாம், உனக்கு அது என்னைக்குமே வேண்டாம்.

நீ கேட்டதே பாதி தெளிவு வந்த மாதிரிதான், இல்லீன்னா கேட்டிருக்க மாட்டே. குஞ்சல், வமன தௌதின்னு சொல்றது ஹடயோகத்துல ஆறு சுத்திகரிப்புல ஒண்ணோட சேர்ந்தது, சொல்லிக்குடுத்தவங்களுக்கு உன் கதை தெரியாது, நீயும் சொல்லியிருக்க மாட்டே. ஆனா ராத்திரி வெரல விட்டு எடுக்கறப்பவும் உனக்கு அதே லேசு, அதே சுத்தந்தான கெடைக்குது? நோயி காவித்துணி கட்டிட்டு வந்து நிக்குது அம்மிணி. இதே மாதிரி சங்கப் பிரக்‌ஷாளனம்னு உப்புத்தண்ணி குடிச்சு வயித்தால போக வெக்கறது, மூணு நாள் ஜூஸ் மட்டும், வயித்த எக்கற உட்டியானம், கபாலபாதி, இதெல்லாம் உனக்கு ஆகாத லிஸ்ட். சீதளி, சீத்காரி ரெண்டும் பசி தாகத்த அடக்கும்னு பழைய ஹடயோக நூல்லயே எழுதியிருக்குது, அதப் புடிச்சுட்டு பசிய அடக்கறதுக்குன்னே பண்ற புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். இந்த மூச்சுப் பயிற்சி பொதுவாக் கெட்டதுன்னு சொல்ல வரல, உனக்கு எதுக்குப் பயன்படும்ங்கறதத்தான் சொல்றேன்.

அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கும், இறங்குனா நெஞ்சு தாளந்தப்பும், வெளிய ஒண்ணுமே தெரியாது, ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பாங்க. அதனால ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இந்த வாரமே எடுத்துரு. படபடப்பு, தசை இழுக்கறது, வாந்தில ரத்தம், மயக்கம் இதுல எது வந்தாலும் நேரா கேசுவால்டி. வாந்தி வந்துட்டா ஒடனே பல்லு வெளக்காதே, அமிலம் பட்ட எனாமல் தேய்ஞ்சு போகும், வெறுந் தண்ணில கொப்பளிச்சாப் போதும். பேதி மாத்திரை எடுக்கறவளா இருந்தா அதுல போறது தண்ணியும் உப்புந்தான், சாப்பிட்டது பெரும்பாலும் அதுக்கு முன்னாலயே ஒடம்புல சேர்ந்திருக்கும்.

இதுக்கு நல்ல வைத்தியம் இருக்குது, பேசித் தீர்க்கற சிபிடி. அதுல மொதப் பாடமே கேக்கறதுக்கு சப்புன்னு இருக்கும், மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு வாட்டி சின்னதா ஏதாச்சும், மூணு நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காயக்கூடாது. பகல் பூராம் காப்பித்தண்ணிலயே ஓட்டறதுனாலதான் ராத்திரி அந்த வெறி வருது, மன உறுதி இல்லாம இல்ல. நைட் ஷிப்ட்டுன்னா கடிகாரத்த மாத்திப் போட்டுக்க, நீ எந்திரிக்கற நேரந்தான் உனக்குக் காலை, ஷிப்ட்டுக்கு ஒரு டப்பாவுல வறுத்த நெலக்கடலையும் வாழப்பழமும் போட்டு எடுத்துட்டுப் போ.

யோகா உனக்கு ஆகற எடம் ரெண்டு. சாப்பிட உக்கார்றதுக்கு முன்னால அஞ்சு நிமிசம் சொவத்துல முதுகச் சாச்சு மெதுவா மூச்சு விடறது, வெளிய விடறது நீளமா. அப்பறம் சாப்பிட்டு முடிச்சு வாந்தி எடுக்கோணும்னு ஒரு உந்தல் வருமே, அந்த நேரம். அப்ப ஆசனமெல்லாம் வேண்டாம், வயித்த அமுக்கற எதுவுமே வேண்டாம். பாத்ரூமுக்குத் தூரமா, ஆளுங்க இருக்கற எடத்துல உக்காந்து உள்ளங்கால தரைல வெச்சு, இந்த உந்தல் ஒடம்புல எங்க இருக்குது, நெஞ்சுலயா தொண்டைலயான்னு பாத்துட்டே இரு. ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும், இறங்கற வரைக்கும் ஒரு போன் பேசு, துணி மடி, கீரை ஆய்ஞ்சுட்டு உக்காரு. ஒரு நாளைக்குத் தோத்துப் போவே, தோத்தாலும் அடுத்த வேளைச் சோத்த மட்டும் விட்றாதே. ஆராச்சும் ஒருத்தருகிட்டச் சொல்லிரு கண்ணு, அம்மாகிட்டச் சொல்ல முடியலீன்னா ரூம்மேட்கிட்டயாச்சும்.

சாப்பிட்டதும் வஜ்ராசனத்துல உக்காந்தா தொப்பை குறையும்ங்கறாங்களே, உண்மைங்களா?
– ஒரு வாசகர், பவானி

கொறையாதுங்க. முட்டி வலி இல்லீன்னா உக்காருங்க, சாப்பிட்டதும் படுக்காம இருப்பீங்க, அதுவரைக்கும் லாபம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன், 29 வயசு. பொண்ணு பாக்கறாங்க, ரெண்டு எடத்துல "மாப்ள கொஞ்சம் குண்டு"ன்னு தட்டிப் போச்சு. ஜிம், பேலியோன்னு இறங்கி வெயிட்டக் கொறைச்சேன், இப்ப வாரத்துல மூணு நாலு நாள் ராத்திரி புரோட்டாக் கடைல உக்காந்தா எந்திரிக்கறதே இல்ல, வயிறு வலிச்சாலும் நிறுத்த முடியல, அடுத்த நாள் பூராம் பட்டினி. இது பொம்பளப் புள்ளைங்களுக்கு வர்றதுன்னு படிச்சேன், எனக்கு இருக்கறது வெறும் நாக்கு ருசிதான?

தம்பி, ஆம்பளைங்களுக்கும் வரும், வந்தும் சொல்றதில்ல, அதுதான் வித்தியாசம். அடக்க முடியாம அள்ளி அள்ளிச் சாப்பிடற இந்தக் கோளாறுக்கு பிஞ்ச் ஈட்டிங்னு பேரு, அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல 2013-ல தனி நோயாவே சேர்த்தாங்க. ருசிக்குச் சாப்பிடறவன் ரெண்டு புரோட்டா எச்சாச் சாப்பிட்டுட்டு சந்தோசமா வீட்டுக்குப் போவான், வெக்கப்பட்டுக்கிட்டு இருட்டுல உக்காந்து சாப்பிட மாட்டான்.

உன் கதைல முடிச்சு எங்க இருக்குதுன்னா அடுத்த நாள் பட்டினிலதான். பட்டினி கெடந்தா ராத்திரி வெறி, வெறில சாப்பிட்டா குத்த உணர்ச்சி, அதுக்குத் தண்டனையா மறுபடி பட்டினி, சுத்திச் சுத்தி வருது. அதனால புரோட்டாவ நிறுத்தறதவிட மொதல்ல காலைல நிறுத்துன இட்லியத் திரும்ப ஆரம்பி. கம்பெனி டீ டைம்ல டீய மட்டும் குடிக்காம கூட ஏதாச்சும் கடி. பேலியோ சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு ஆகுதா ஆகலையாங்கற பஞ்சாயத்துக்கு நான் வரல, ஆனா உன்னைய மாதிரி ஆளுக்கு "இத உண்ணவே கூடாது"ன்னு எந்த லிஸ்ட்டப் போட்டாலும் அந்த லிஸ்ட்டேதான் ராத்திரி கடைக்கு இழுத்துட்டுப் போகும்.

ஆஸ்திரேலியாவுல இதே தொந்தரவு இருந்த பொம்பளைங்களுக்கு 12 வாரம் யோகா குடுத்துப் பாத்தாங்க, 2009-ல வெளியாச்சு, அள்ளிச் சாப்பிடறது கொறைஞ்சுது. அதுவும் சின்ன ஆராய்ச்சிதான், எல்லாரும் பொம்பளைங்கதான், உனக்கும் அப்படியே ஆகும்னு நான் எழுதித்தர முடியாது. ஆனா முயற்சி பண்றதுல தப்பில்ல. ஒரே கண்டிசன், பவர் யோகா, ஏசிய அணைச்சுப் போட்டுச் சூட்டுல பண்றது, "30 நாள்ல 10 கிலோ"ன்னு பேனர் வெச்சிருக்கற எடம், இதுங்க பக்கமே போகாதே. ஊர்ல மனவளக்கலை மன்றம் இருந்தா அங்க சொல்லிக்குடுக்கற எளிய பயிற்சியே ஆரம்பத்துக்குப் போதும், கூட ஒரு மனநல டாக்டரையும் பாரு. பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னத நான் என்னன்னு சொல்றது, குண்டுன்னு தட்டுன எடத்துல நீ ஒல்லியாப் போய் நின்னாலும் சம்பளம் பத்தலைம்பாங்க.

பத்து வருசம் முன்னால எனக்கு அனோரெக்சியா இருந்துச்சு, நல்லாயிட்டேன். இப்பக் கல்யாணமாகி சென்னிமலை பக்கம் வந்திருக்கேன். மாமியாரு சஷ்டி விரதம் ஆறு நாளும் இருக்கச் சொல்றாங்க, கொழந்தை வரத்துக்காம். இருக்கலாமுங்களா?

நீங்க மட்டும் இருக்க வேண்டாமுங்க. நல்லானவங்களுக்குக் கூட பட்டினி ஒரு பழைய கதவத் தொறந்து விட்றும், மூணாவது நாளு "அட, நல்லா இருக்கே"ன்னு ஒரு தெம்பு வரும் பாருங்க, அதுதான் ஆபத்தே. எனக்கு வர்ற பாதிப் பொண்ணுங்களுக்கு அமாவாசை, சஷ்டி, பொரட்டாசிச் சனிக்கெழமைன்னு காலண்டர் பூராம் விரதமா இருக்கும். வீட்ல பக்தின்னு விட்டிருப்பாங்க, உள்ள ஓடறது வேற கணக்கு. அதுவுமில்லாம கொழந்தை வரத்துக்கு வயிறு நெறைஞ்ச ஒடம்புதான் தோது, சோறு கொறைஞ்சா முட்டை வளர்றதே நின்னு போகும்.

மாமியாருகிட்ட "எனக்கு முன்னால ஒடம்பு செரியில்லாம இருந்துச்சு, டாக்டர் பட்டினி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு வீட்டுக்காரர வெச்சுச் சொல்ல வைங்க. விரதத்துக்குப் பதிலா சாயங்காலம் கவசம் படிங்க, நீளமாப் பாடறப்ப மூச்சு தானா நெதானமாகும், எனக்கு அது பிராணாயாமத்துக்குக் கொறைஞ்சதாத் தெரியல. அப்பறம் உண்ணாம இருக்கறதுக்கு ஈடா தெனமும் சென்னிமலையோட 1320 படியும் ஏறி இறங்கறேன்னு கெளம்பிராதீங்க, மலை மேல வரைக்கும் பஸ் போகுது, அதுல போயி முருகனப் பாத்துட்டு வாங்க.

பொள்ளாச்சில யோகா கிளாஸ் நடத்தறேன். இந்த மாதிரிப் பொண்ணுங்க வகுப்புக்கு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது, என்ன பண்றது, என்ன பண்ணக்கூடாது?

டீச்சர், இத நீங்க கேட்டதுக்கே ஒரு கும்பிடுங்க. கண்டுபிடிக்கறதுக்கு ஒல்லியா இருக்கறாங்களான்னு மட்டும் பாக்காதீங்க, சாதா எடைலயும் குண்டாவும் இருக்கறவங்களுக்கும் இது இருக்குது. ரெண்டு பேட்ச்லயும் வர்றது, சவாசனத்துக்கு முன்னால எந்திரிச்சு ஓடறது, காய்ச்சலானாலும் லீவு போடாதது, சூட்டுலயும் முழுக்கை போட்டுட்டு வர்றது, வெரல் மொட்டில காய்ப்பு, கன்னத்துல காதுக்குக் கீழ வீக்கம், இதெல்லாம் கண்ணுல படும். பட்டா தனியாக் கூப்பிட்டு "இப்பெல்லாம் எப்படி இருக்கே, களைப்பாத் தெரியறயே"ன்னு ஆரம்பிங்க. எடையப் பத்தி வாயே தொறக்காதீங்க, "இப்ப நல்லாருக்கே, சதை போட்டிருக்கே"ன்னு பாராட்டாவும் கூடச் சொல்லாதீங்க, அந்தப் புள்ளைக்கு அது வேற மாதிரிக் கேக்கும்.

உங்க வாயில இருந்து "இது தொப்பையக் கரைக்கும், தொடையக் கொறைக்கும், நேத்து கல்யாணத்துல சாப்பிட்டத இன்னைக்கு எரிங்க" இந்த மூணும் வரக்கூடாது. வராம ஒரு மாசம் வகுப்பு எடுத்துப் பாருங்க, எவ்வளவு பழகிப் போச்சுன்னு தெரியும். கண்ணாடி இருந்தா தெரை போடுங்க. தொட்டுத் திருத்தறதுக்கு முன்னால கேளுங்க, வயித்துல கைய வெக்கச் சொல்றதுக்குப் பதிலா வெலாவுல வெக்கச் சொல்லுங்க, வயித்தத் தொடறதே அவங்களுக்கு நரகமா இருக்கும். பாலாசனத்துல வயிறு தொடைல அமுங்கறது தாங்கலீன்னா நடுவுல தலகாணி. கண்ண மூட முடியலீன்னா தொறந்தே இருக்கட்டும். பிபி கம்மியா இருக்கறதுனால படுத்து எந்திரிக்கறப்ப ஒரு பக்கமா ஒருக்களிச்சு, உக்காந்து, அப்பறம் நிக்கச் சொல்லுங்க. எலும்பு பலவீனமா இருக்கலாம், அதனால சிரசாசனம், தம் கட்டி முன்னால குனியறது, முறுக்கறது வேண்டாம்.

டாக்டர் சீட்டு இல்லாம வேகமான எதையும் சேர்க்காதீங்க, அவ கெஞ்சுவா, "இது பத்தல மேடம், இன்னும் கஷ்டமா குடுங்க"ம்பா, அப்பத்தான் நீங்க அசையாம நிக்கோணும். நல்ல ஸ்டூடண்ட்டுன்னு முன் வரிசைல நிக்க வெச்சு எல்லாருக்கும் காட்டறதயும் விட்டுருங்க. சென்னைல கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் 1976-ல தேசிகாச்சார் ஆரம்பிச்சது, ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒருத்தருக்கு ஒருத்தர்னு சொல்லிக்குடுக்கற முறை அது, இந்தப் புள்ளைங்களுக்கு அந்த வழிதான் ஒத்து வரும், கும்பலா நிக்க வெச்சா பக்கத்துல இருக்கறவ இடுப்பத்தான் பாத்துட்டிருப்பா. பீஸ் கட்டற ஆளு போயிருமேன்னு யோசிக்காம "டாக்டரப் பாத்துட்டு வா கண்ணு, உன் எடம் இங்கயே இருக்கும்"னு தைரியமாச் சொல்லுங்க.

தாராபுரம் பக்கம் கிராமமுங்க. தனியார் ஆஸ்பத்திரிக்கெல்லாம் வசதி இல்ல. எங்க போறது?

14416-க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், 2022 அக்டோபர்ல இருந்து நாடு பூராம் இருக்குது, காசில்ல, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104-ங்கற மருத்துவ உதவி நம்பரும் இருக்குது. நேர்ல பாக்கோணும்னா திருப்பூரு, கோயமுத்தூரு, பெருந்துறை, கரூரு, எது பக்கமோ அந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. மொதல்ல பொது மருத்துவம், அங்கயே மனநலப் பிரிவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரிங்க நெறையத்துல யோகா இயற்கை மருத்துவப் பிரிவும் இருக்குது, அஞ்சரை வருசம் படிச்ச டாக்டருங்க, ஆனா அங்க மொத ஆளாப் போகாம மனநல டாக்டர் சீட்டோட போங்க, போயி "எடை கொறைக்க வரல, பட்டினி வைத்தியம் வேண்டாம்"னு வாயத் தொறந்து சொல்லிருங்க. ஓபி காலைலதான், மொத பஸ்ஸப் புடிச்சீங்கன்னா மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும், கூடப் போறவங்க கட்டுச்சோறு கட்டிக்குங்க, டோக்கனுக்காகக் காத்திருக்கறப்ப சாப்பாட்டு வேளை தாண்டிரக் கூடாது.